என்று சொன்னால் சரியல்ல

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைத் தட்டச்சு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேனாவைப் பிடிக்க எனக்கென்ன வேண்டுதலா?

கோவையில் போய்ப் பார்த்தோம். டாக்டர் ஜெசிந்தா, நரம்பு டாக்டர். தலையில் பசை தடவி இருபது ஒயர் ஒட்டி அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். இரண்டு தடவை குளித்தும் அந்தப் பசை போகவில்லை. காகிதத்தில் ஓடிய கோடுகளைப் பார்த்துவிட்டு அந்தம்மா "வலிப்பு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிப்பு என்றால் கீழே விழ வேண்டும், கை கால் வெட்ட வேண்டும், யாராவது ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டும். நான் ஒரு நாளும் விழுந்ததில்லை.

"விழறது ஒரு வகைம்மா. உங்களுக்கு வர்றது வேற. பத்து செகண்டோ, ஒரு நிமிஷமோ நீங்க இருக்க மாட்டீங்க. உடம்பு உட்கார்ந்திருக்கும், கண்ணு தொறந்திருக்கும். திரும்பி வந்தா போனதே உங்களுக்குத் தெரியாது."

"போனா எப்படிங்க தெரியாம இருக்கும்?"

அவர் ஒரு தாளில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, வலது பக்கம் ஒரு புள்ளி போட்டார். இடது கண்ணை மூடிக்கொண்டு குறியை மட்டும் பார்க்கச் சொல்லி, தாளை மெதுவாக முகத்தருகே கொண்டுவந்தார். ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போனது.

"புள்ளி இருந்த எடத்துல என்ன தெரியுது?"

"வெறுந்தாள்தாங்க."

"அந்த எடத்துல உங்க கண்ணுக்குப் பார்வையே கிடையாது. ஓட்டை. ஆனா மூளை ஓட்டையைக் காட்டாது. சுத்தி இருக்கறத வெச்சு ஒட்டுப் போட்டுரும். நேரத்துலயும் அப்படித்தான் போடும்."

இந்த நோட்டில் நாள், நேரம், எவ்வளவு நேரம், பார்த்தவர் என்று நான்கு கட்டம் போடச் சொன்னார். நான் இல்லாத நேரத்தை நான் எப்படிக் குறிப்பது என்று கேட்டேன். அதற்குத்தான் நாலாவது கட்டம் என்றார். என் வீட்டுக்காரர் குழந்தைவேலு பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். இரண்டு வேளை மாத்திரை. ஆபீசில் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். சரிங்க என்றேன். சொல்லப் போவதில்லை.

எல்லாம் சென்னையில் படிக்கும் மகள் பிரதீபா செய்த வேலை. வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் நின்று வாயைச் சப்புக்கொட்டினேனாம். நெட்டு நின்றிருக்கும் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

எதுவும் இல்லை. மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளுகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது. அடுப்பைத் தேய்த்து முடிக்க நேரமாகி எட்டரை பஸ்ஸை விட்டேன். பாலுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். யாருக்குத்தான் பால் பொங்கவில்லை?

பதினொரு மணிக்கு மேல் கோர்ட்டில் மூச்சு விட நேரமில்லை. நான்கு சாட்சிகள். டாக்டர் கேட்டாரே, உங்கள் வேலை என்ன என்று. தட்டச்சர் என்றேன். அவர் கடிதம் அடிப்பது என்று நினைத்திருப்பார். சாட்சி கூண்டில் நின்று பேசுவார், நீதிபதி மேடம் அதை ஒழுங்கான வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். எல்லாம் 'நான்' என்று அடிக்க வேண்டும். நான் மேற்படி முகவரியில் குடியிருக்கிறேன். நான் அரிவாளைப் பார்த்தேன். நான் கூலி வேலை செய்கிறேன். இருபத்தோரு வருடமாக ஊரில் உள்ள அத்தனை பேருடைய நானும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்று அடிதடி வழக்கில் ஒருவர், "அதன் பிறகு எனக்கு நினைவு இல்லை" என்றார். உடனே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, நினைவு இல்லை என்பது எப்படி நினைவிருக்கிறது என்று மடக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நாள் பூராவும் புழுக்கம். மேடம் மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் திரை மூன்று வாரமாகக் கெட்டுக் கிடக்கிறது, சரிசெய்ய யாரும் வரவில்லை. நான் அடிப்பதை நான் மட்டும்தான் பார்க்கிறேன்.

மகுடேஸ்வரி என்ற பெண்ணின் குறுக்கு விசாரணை. வயது இருபத்தாறு. நூல் மில்லில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஷிப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் பஞ்சு குடோனுக்குள் கையைப் பிடித்து இழுத்தான் என்று வழக்கு. அவனுக்கு ராமதுரை வக்கீல். கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு 'எதிரி' என்று பெயர். அந்தப் பெண்ணுக்கு அவன் உண்மையிலேயே எதிரிதான்.

பிரதீபா ஒருமுறை என் வேலையைப் பார்த்துவிட்டு இது என்ன மொழி என்று கேட்டாள். வக்கீல் ஒரு விஷயத்தைச் சொல்லி ஒப்புக்கொள்கிறாயா என்பார். சாட்சி ஆமாம் என்றால், மேடம் சொல்லாமலேயே 'இன்னது என்று சொன்னால் சரிதான்' என்று நானே அடித்துவிடுவேன். இல்லை என்றால், 'இன்னது என்று சொன்னால் சரியல்ல'. வக்கீலின் கேள்வியும் சாட்சியின் பதிலும் ஒரே வாக்கியத்துக்குள் குடித்தனம் பண்ணும். அர்த்தமெல்லாம் கடைசிச் சொல்லில் இருக்கிறது.

ராமதுரை வக்கீலுக்கு ஒரு பழக்கம். முதலில் ஆமாம், ஆமாம் என்று மட்டுமே சொல்லக்கூடிய கேள்விகளாக அடுக்குவார். நானும் எதிரியும் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம் என்று சொன்னால் சரிதான். எதிரி எனக்கு மேலதிகாரி என்று சொன்னால் சரிதான். சம்பவத்துக்கு முந்தின வாரம் நான் லீவு கேட்டு எதிரி தரவில்லை என்று சொன்னால் சரிதான். இப்படி எட்டோ ஒன்பதோ. விரல்கள் தாமாக ஓடின. அந்தப் பெண் மெல்லிய குரலில் பேசினாள், பச்சைச் சேலை. பிறகு மேடம் எழுந்தார், மணி ஒன்றரை. பெண் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். வாசித்துக் காட்டியதாக அடியில் எழுதியிருக்கும், சாப்பாட்டு நேரத்தில் யார் வாசிக்கிறார்கள்?

எதுவும் இல்லை. பார்த்தவர் கட்டத்தில் வீட்டுக்காரர் தன் கையால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், சாட்சி போல.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றத்துக்குப் போய் மிட்டாய் வாங்கி வந்தேன். போர்வைகள் எல்லாம் துவைத்தேன். மாடியில் காயப்போடும்போது பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கேட்டது போலவும் நான் அதற்கு

மேலே உள்ள வரி ஏன் பாதியில் நிற்கிறது என்று தெரியவில்லை. பேனாவில் மை இருக்கிறது. தூங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ராமதுரை வக்கீல் மகுடேஸ்வரி வாக்குமூலத்துக்கு நகல் கேட்டு மனுப் போட்டிருந்தார். பிரிண்ட் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தர வேண்டியது என் வேலை. மூன்றாம் பக்கம் வரை வந்தேன்.

எதிரி என் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்று சொன்னால் சரிதான். லீவு தராத கோபத்தில் எதிரி மீது பொய்ப் புகார் கொடுத்தேன் என்று சொன்னால் சரிதான். நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரிதான்.

கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே மேடத்தின் கையெழுத்து.

அந்தக் கடைசிக் கேள்வி சடங்குக் கேள்வி. எல்லா வக்கீல்களும் எல்லாச் சாட்சிகளிடமும் கேட்டு உட்காருவார்கள். இருபத்தோரு வருடத்தில் அதற்கு ஆமாம் சொன்ன ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை.

இந்த மூன்று வரிகளை அடித்தது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எதைத்தான் அடித்தது ஞாபகம் இருக்கிறது? போன வாரம் அடித்த எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் இதையேதான் சொல்வேன். தினமும் நூறு வரி அடிப்பவளுக்கு மூன்று வரி மறப்பது வியாதியா?

நகலில் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டேன். ராமதுரை வக்கீலின் ஜூனியர் படித்துப் பார்த்துவிட்டு வராந்தாவிலேயே போன் போட்டு, "சார், லட்டு மாதிரி இருக்கு சார்" என்றான். வாதம் செப்டம்பர் பத்தாம் தேதி. அதற்கப்புறம் தீர்ப்பு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரேஷன் அரிசி புடைத்தேன். கல் அதிகம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கு யாருடையது, என்ன என்று சொல்லாமல், ஒரு வாக்குமூலத்தில் மூன்று வரி தப்பாக விழுந்திருக்கலாம் என்று மட்டும். அவர் பேப்பரை மடிக்காமலேயே கேட்டார்.

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுச்சில்ல?"

"போட்டுச்சு."

"ஜட்ஜம்மா போட்டாங்கல்ல?"

"போட்டாங்க."

"அப்பறம் உனக்கென்ன? ரெண்டு பேரு சரீன்னு கையெழுத்துப் போட்டதுக்கு நீ எதுக்கு ரோசனை பண்ற?"

நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் பயந்துபோய் உண்மையிலேயே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மில்காரர்கள் பேசி மசிய வைத்திருக்கலாம். சாட்சி பிறழ்வது எங்கள் கோர்ட்டில் வாரத்துக்கு இரண்டு நடக்கும். இப்படி நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது, பத்து நிமிடம் வரை.

எனக்கு இன்னும் பதினொரு வருட சர்வீஸ் இருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 28, புதன்

நான் தேடிப் போகவில்லை. மகுடேஸ்வரிதான் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். மில் யூனிபார்ம், தலையில் இன்னும் பஞ்சுத் தூசி.

"அக்கா, கோர்ட்டுல டைப் அடிக்கறவங்க தானுங்க நீங்க? தீர்ப்பு எப்பங்க்கா வரும்?"

வாதம் முடிந்த பிறகு வரும் என்றேன். பஸ் வரவில்லை. எங்கேயாவது பார்க்கலாம் என்றால் அவள் முகத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு வக்கீல் கடைசியா மூணு கேள்வி கேட்டாரே, நீ என்ன சொன்ன?"

"இல்லீங்கன்னு சொன்னேன். மூணுக்கும் இல்லீங்க, இல்லீங்க, இல்லவே இல்லீங்கன்னு சொன்னேன். ஏனுங்க்கா, நீங்கதான டைப் பண்ணுனீங்க?"

"சும்மா கேட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தேனுங்க. அந்த வக்கீலு கேக்கறப்ப எல்லாரும் தலையக் குனிஞ்சுட்டாங்க. எங்க பக்கத்து வக்கீலு கூட பைலப் பாத்துட்டாரு. நீங்க ஒருத்தர்தான் கண்ணெடுக்காம என்னையவே பாத்துட்டிருந்தீங்க. கை அது பாட்டுக்கு டைப் அடிக்குது, கண்ணு எம் மேலயே இருக்குது. சொல்லு புள்ள, பயப்படாதேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதுலதானுங்க எனக்குத் தைரியமே வந்துச்சு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று கையசைத்தாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தது தெரியும், குரல் மெலிந்தது தெரியும். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம் என்னிடம் இல்லை. எங்கே தேடினாலும் கேள்விக்கு அடுத்து மேடம் எழுந்து நிற்கிறார், நடுவில் வெறுந்தாள்கூட இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

ரசம் வைத்தேன். உப்புப் போடவில்லையாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்த நோட்டைப் புரட்டினேன். இருபத்தாறு நாள், 'பார்த்தவர்' கட்டத்தில் இருபத்தாறு 'இல்லை'. அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து எனக்குச் சட்டென்று மூக்கு மேல் கோபம் வருகிறது. இதுவும் மாத்திரையின் குணம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். எது மாத்திரையின் கோபம், எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. இன்றைக்கு வந்தது என்னுடையதுதான்.

"நெசமாச் சொல்லுங்க. இந்த நோட்டு போட்டப்பறம் எத்தன தடவ பாத்தீங்க?"

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு ஏழெட்டு."

"அதுக்கு முன்னால?"

"சாந்தா, விடு."

"எப்ப இருந்துங்க?"

"பிரதீபா பெரியவளான சீருக்கு, ஆரத்தித் தட்டோட அப்படியே நின்ன. உங்க அண்ணன் தட்டப் புடிச்சுட்டாரு. ஆறு வருசம் இருக்கும்."

ஆறு வருடம். அண்ணனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் வீட்டில் ஒருத்தி அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வந்திருக்கிறாள், எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைக்குப் போக முடியுமா நீ? எனக்கு மில்லுல முதுகு போனப்பறம் நீதான இந்த வீட்ட நடத்தற? திரும்பி வந்தர்றயே. ஒவ்வொரு தடவயும் வந்தர்றயேன்னு விட்டுட்டேன். ஆனா நீ அப்படி நிக்கறப்ப நான் மூச்சு விடாம நிப்பேன், சாந்தா. எண்ணிட்டே நிப்பேன்."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் இவர் அழுது பார்த்ததில்லை, அல்லது பார்த்து எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கோவை. இந்த முறை தனியாகப் போனேன். டாக்டரிடம் மூன்று வரிகளையும் சொன்னேன்.

"ஆளு இல்லாம கை மட்டும் இவ்வளவு நேரம் சரியா டைப் அடிக்குமாங்க?"

"அபூர்வம். ஆனா உண்டு. இருபது வருஷம் பழகின வேலைக்கு மூளையில தனிப் பாதை விழுந்திருக்கும். காதுல விழறது நேரா விரலுக்குப் போகும். நடுவுல நின்னு இது என்ன, யாரைப் பத்தி, சரியா தப்பான்னு பாக்கற ஆள்தான் அந்த நேரத்துல இல்ல."

"அப்ப ஏன் சரிதான்னு அடிச்சுது?"

"அதுக்கு முன்னால என்ன அடிச்சீங்க?"

"சரிதான். ஒம்பது தடவ."

அவர் விரலால் மேசையைத் தொட்டுக் காட்டினார். புள்ளி போட்ட தாள் மேசையிலேயே இருந்தது.

பார்க்கிற அந்த ஆள் என்பது மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அது தெரிந்தால் தனக்குப் பெரிய பரிசு கொடுப்பார்கள் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு இடத்தில் இல்லை, பல இடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போதுதான் அந்த ஆள் இருக்கிறார் போலிருக்கிறது, பேச்சு நின்றால் ஆளும் இல்லை, இதற்கு மேல் யாருக்கும் தெரியாது என்றார். சான்றிதழ் கேட்டேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா என்றார். தெரியும் என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மேடத்தின் அறைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம். இருபத்தோரு வருடத்தில் எனக்காக நான் அடித்த முதல் 'நான்'. நோய், டாக்டர் பெயர், தேதி, மூன்று வரிகள். பஸ் ஸ்டாண்டில் கேட்டதையும் எழுதினேன்: அந்த நேரத்தில் நான் சாட்சியைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சாட்சியே சொல்கிறார். அந்த வரியை அடிக்கும்போதுதான் என்ன செய்கிறேன் என்று புரிந்தது. அவளுக்குத் தைரியம் கொடுத்த பார்வையை என் நோய்க்கு அடையாளமாக எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அதைவிட்டால் அந்த நிமிடத்துக்கு வேறு சாட்சி இல்லை.

மேடம் இரண்டு தடவை படித்தார். என் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்தவர்.

"அவங்க மறுத்தாங்கன்னுதான் எனக்கும் ஞாபகம். ஆனா என் ஞாபகம் ஆவணம் கிடையாது. கையெழுத்தான பிறகு ஒரு புள்ளியக்கூட நான் மாத்த முடியாது. வாதத்தத் தள்ளி வெச்சுட்டு விசாரிக்கணும். சாட்சியத் திரும்பக் கூப்பிடணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் படிக்காமத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

நாளையிலிருந்து நான் பதிவறையில். தட்டச்சு கிடையாது.

செப்டம்பர் 6, வெள்ளி

பதிவறையில் கரப்பான் அதிகம். வீட்டுக்காரர் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பையில் எலுமிச்சை ஊறுகாய் தனியாக வைத்திருந்தார்.

செப்டம்பர் 19, வியாழன்

விசாரணை. கூண்டில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் என் நாற்காலி இவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று நினைத்ததில்லை. பக்கத்துக் கோர்ட்டிலிருந்து வந்த பெண் அதில் உட்கார்ந்திருந்தாள்.

ராமதுரை வக்கீல் என்னிடம் இருபது வருடமாக, "என்னம்மா சாந்தாமணி, சௌக்கியமா?" என்று கேட்டவர். இன்று பெயர் சொல்லவில்லை.

"ஆகஸ்ட் பதிமூணாம் தேதி உங்களுக்கு நினைவு தப்பியதா சொல்றீங்க. நினைவு தப்பினத நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"உணர்ந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கே தெரியாத ஒண்ணச் சத்தியம் பண்ணிச் சொல்றீங்க. அன்னிக்கு நீங்க முழு நினைவோடதான் இருந்தீங்க, இப்ப சாட்சியோட சேர்ந்துக்கிட்டுப் பொய் சொல்றீங்கன்னு சொல்றேன்."

எல்லோரும் என் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் விரல்கள் விசைகளுக்கு மேல் நின்றன. முதல் பாதிக்கு என்ன சொல்வது? முழு நினைவோடு இருந்தேன் என்றால் சரியல்ல என்று சொல்ல, அதைப் பார்த்தவளாக நான் இருந்திருக்க வேண்டும். சாட்சிகள் எல்லோரும் இவ்வளவு நாள் என்ன தைரியத்தில் நான், நான் என்று சொன்னார்கள் என்று வியப்பாக இருந்தது.

"முதல்ல சொன்னது எனக்குத் தெரியாதுங்க. நான் பொய் சொல்றேன்னு சொன்னீங்களே, அது மட்டும் சரியல்லங்க," என்றேன்.

மகுடேஸ்வரி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீல் என் கடிதத்தை உரக்கப் படித்தார். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது என்ற வரி வந்ததும், இது இந்த நோயின் அறிகுறி என்று டாக்டரின் சான்றிதழையும் சேர்த்துப் படித்தார். நான் பின் வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

செப்டம்பர் 25, புதன்

சாட்சியைத் திரும்ப அழைக்க உத்தரவு. அக்டோபர் 4. அதே மூன்று கேள்விகள், மறுபடியும், அதே ஆட்கள் முன்னால். தப்பு என்னுடையது, கூண்டில் நிற்க வேண்டியது அவள்.

மூன்று வக்கீல்கள் பழைய வழக்குகளுக்கு நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். தோற்ற வழக்குகளாக. எல்லாவற்றிலும் தட்டச்சர் நான்தான். மருத்துவக் குழு முன் ஆஜராகச் சொல்லி எனக்கு ஓலை வந்திருக்கிறது. அண்ணன் போன் செய்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றார். ஆறு வருடம் நீங்கள் மூடிக்கொண்டிருந்தது போதும் என்று வைத்துவிட்டேன். மாத்திரையின் கோபம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரர் இன்று கட்டத்தில் எழுதியிருக்கிறார்: காலை 7.10. பதினான்கு எண்ணிக்கை. பார்த்தவர் கு.வே. மாத்திரைக்கு முன்னால் முப்பது வரை போகுமாம்.

அக்டோபர் 4, வெள்ளி

பதிவறையில் இருக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு வராந்தாவுக்கு வந்தேன். மகுடேஸ்வரி தூணோரம் நின்றிருந்தாள், மில்லுக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, நெசமாலுமே அன்னிக்கு நீங்க என்னையப் பாக்கலீங்களா?"

ஒரு பொய்க்கு வாய் வரைக்கும் வந்துவிட்டேன். கொஞ்சம் பார்த்தேன், லேசாகத் தெரிந்தது என்று சொல்லலாம். இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் கூண்டேற வேண்டும். அவளுக்கு அது வேண்டும். எனக்குமே அது வேண்டும் போலிருந்தது.

"பாக்கல, கண்ணு. கண்ணு தொறந்திருந்துச்சு. நான் இல்ல."

அவள் முகம் கறுத்துவிட்டது. சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"மூணு வருசமா வீட்டுல ஒருத்தரும் என்னைய நேராப் பாத்துப் பேசறதில்லீங்க. எங்கம்மா கூட. நீங்க பாத்தீங்கன்னு நான் எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுங்களா?"

மன்னிச்சுக்கோ என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து டவாலி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"அப்ப இன்னிக்காச்சும் உள்ள வந்து உக்காருங்க."

கேட்டது கெஞ்சலாக இல்லை. வர வேண்டும் என்று சொன்னாள். நான் போனேன். பதிவறை ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று பெஞ்ச் கிளார்க் பார்வையாலேயே கேட்டார், மேடம் ஒன்றும் சொல்லவில்லை. முன் வரிசையில், கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த நிமிடம் இப்போது வந்துவிட்டால் என்ன செய்வேன்? வந்தால் எனக்குத் தெரியப் போவதில்லை, அவளுக்குத்தான் தெரியும். உள்ளங்கையில் நகத்தை ஊன்றிக்கொண்டேன். டாக்டர் கேட்டால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பார்.

ராமதுரை வக்கீல் எழுந்தார். இந்த முறை ஆமாம் கேள்விகள் இல்லை, நேராகக் கை வைத்தார். எதிரி உன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. லீவு தராத கோபத்தில் பொய்ப் புகார் கொடுத்தாய். நீ பொய் சாட்சி சொல்கிறாய்.

அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள். மேல் உதட்டில் வியர்வை இருந்தது, இடது காதில் கம்மல் இல்லை, ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவில் எச்சில் விழுங்கினாள்.

மூன்று பதில்களையும் கேட்டேன்.